இருபத்து நாலு முகம்

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முன்னால், இருட்டறையில் உட்கார்ந்திருந்த படக்காரர் குமிழைத் திருகிக்கொண்டே உதட்டைப் பிதுக்கினார்.

"இல்லம்மா."

"இன்னொரு பக்கம் நகர்த்திப் பாருங்களேன்."

"எல்லாப் பக்கமும் நகர்த்தியாச்சு. அத்தனையும் பன்னண்டு முகம். உன் இருபத்து நாலு முகத்துல ஒண்ணு கூட இல்ல. லீவு போட்டுட்டுப் போயிருச்சு போல."

வேறு நாளாக இருந்தால் பக்கத்தில் நின்ற புகைக்காரி சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு விருந்தாளி நாளை மறுநாள் வருகிறார். வந்து உட்கார்ந்து, இவள் கையால் செய்து காட்டச் சொல்லி, அந்த இருபத்து நாலு முகத்தைத் தன் கண்ணால் பார்க்கப் போகிறார். பார்க்க அது இருந்தால்தானே.

புகைக்காரி என்ற பெயரை அவளுக்கு யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம். அவள் வேலையே புகை போடுவதுதான். விறகுப் புகையும் இல்லை, வண்டிப் புகையும் இல்லை, உலோகப் புகை. குடத்தைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று, இரும்புத் தட்டின் மேல் கவிழ்த்து வைத்திருக்கும். உள்ளே இருக்கும் காற்றைப் பம்பு உறிஞ்சி எடுத்துவிடும். பிறகு ஆர்கான் வாயுவைக் கொஞ்சமாக உள்ளே விடுவாள். ஆர்கான் யார் வம்புக்கும் போகாத வாயு, எதோடும் ஒட்டாது. நடுவில் டங்ஸ்டன் கம்பியில் சுற்றிய சின்னக் கூடை, கூடையில் குரோமியத் துண்டு. மின்சாரத்தைக் கூட்டினால் கம்பி சிவந்து, வெளுத்து, குரோமியம் உருகுவதற்கு முன்பே ஆவியாகக் கிளம்பிவிடும். அந்த ஆவி ஆர்கானில் முட்டிக் குளிர்ந்து, அணுவும் அணுவும் கூடி, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் எழுமே, அது மாதிரி ஒரு புகையாக மேலே போகும்.

அந்தப் புகையில் இருக்கும் ஒவ்வொரு துகளும் ஒரு படிகம். தூசியென்று நினைத்தால் தப்பு. நுண்ணோக்கியில் பார்த்தால் பட்டை தீட்டிய கல் தோற்றுவிடும், முகம் முகமாக அத்தனை கச்சிதம். யாரும் தீட்டவில்லை. உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கி உட்கார்ந்திருக்கின்றனவோ, அதற்கேற்ற முகம் வெளியே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். குரோமியத்துக்கு வழக்கமாகப் பன்னிரண்டு முகம். இருபத்து நாலு முகமுள்ள வேறொரு அடுக்கும் உண்டு என்று பழைய ஆட்கள் சிலர் சொல்லியிருந்தார்கள். ஆனால் அது சுத்தமான குரோமியத்தின் குணமா, இல்லை, எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட காற்றின் வேலையா என்று சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவள் இவள். காற்றின் வாடையே இல்லாமல், சுத்தக் குரோமியத்திலேயே அது வருகிறது என்று அவளும் அவள் துறைத் தலைவியும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்து பலர் வாயை அடைத்துவிட்டது.

அந்த முகம்தான் இப்போது சில வாரமாகக் கண்ணில் படாமல் போக்குக் காட்டுகிறது.

படக்காரரின் அறையை விட்டு வெளியே வந்தபோது நடைபாதையில் மேடம் எதிரே வந்தார். மேடம் என்றால் துறைத் தலைவி. நடக்க மாட்டார், பறப்பார். அவரோடு பேச வேண்டுமென்றால் கூடவே ஓட வேண்டும்.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல, மேடம்."

மேடம் நின்றார். அவர் நிற்பதே அபூர்வம்.

"நான் திரும்பத் திரும்பச் சொல்றேன்னு கோவிச்சுக்காத. உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. நிரந்தர இடம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு. தேர்வுக் குழுவுல இந்த வர்ற விருந்தாளியும் இருக்காரு. அவங்க ஆய்வுக்கூடத்துல எத்தனையோ தடவை பண்ணிப் பாத்தும் அவருக்கு வரல. அதான் நேர்ல பாக்கணுங்கறாரு. பாத்துட்டா, உனக்காக நான் யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியதில்ல."

"பாக்கலன்னா?"

"பாக்கலன்னாங்கற பேச்சே வேணாம்," என்று சொல்லிவிட்டு மேடம் பறந்தார். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் நல்லவர்தான். இவளுக்காக எத்தனையோ கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசியவர். அதனால்தான் இவளுக்கு இன்னும் பயம். அவர் முகத்திலும் சேர்த்து அல்லவா கரி பூச வேண்டியிருக்கும்.

அன்று மாலை வீட்டுக்குப் போனவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நாற்காலியில் சரிந்தாள். ஆய்வுக்கூடத்து வளாகத்திலேயே இருக்கும் இரண்டறைக் குடியிருப்பு. ஒப்பந்தம் போனால் வீடும் போகும், மகள் படிக்கும் வளாகப் பள்ளியும் போகும். கணவன் பள்ளியில் டிரில் மாஸ்டர். வீட்டிலும் விசில் ஊதாத குறையாகத்தான் பேசுவான்.

"என்ன, இன்னைக்கும் புகை சரியாப் பிடிக்கலையா?"

"எல்லாம் அதேதான் பண்றேன். அதே குரோமியம், அதே கூடை, அதே ஆர்கான். எதுவும் மாறல. மண்டை காயுது."

மகள் வீட்டுக் கூடத்து நடுவில் முக்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, அதன் காலில் ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை வீசி விளையாடிக்கொண்டிருந்தாள். வளையம் விழுந்ததும் எடுத்து, இரண்டு கையாலும் இழுத்து, அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, இதுக்கு வாய் இருக்கு பாரு. பேசும். 'எனக்குப் பசிக்குது, எனக்குப் பசிக்குது.'"

வளையத்தின் ஓரிடத்தில் குறுக்கே ஒரு கீறல். சும்மா வைத்தால் தெரியவே தெரியாது. இழுத்தால் மெல்ல வாய் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. குழந்தை அதைப் பேச வைத்துக்கொண்டிருந்தாள்.

புகைக்காரி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

அது அவளுடைய ஜாடியின் வளையம். ஜாடிக்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவே காற்று புகாமல் இருப்பதற்காகப் போடுவது. விருந்தாளி வருகிறாரென்று மேடம் ஆய்வுக்கூடத்துக்கே வெள்ளையடித்து, பழைய சாமானையெல்லாம் மாற்றியபோது இதற்கும் புதுசு வந்தது. பழசைக் குப்பையில் போட மனசில்லாமல் குழந்தைக்கு விளையாட ஆகுமென்று தூக்கி வந்தவள் அவளேதான். எதுவும் மாறவில்லை, எதுவும் மாறவில்லை என்று இத்தனை வாரம் சொல்லிக்கொண்டிருந்தாளே. மாறியது வீட்டுக் கூடத்தில் உருண்டுகொண்டிருந்திருக்கிறது.

"என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் கணவன்.

புகை போடுமுன் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. காற்றை உறிஞ்சி முடித்ததும் பம்பின் வால்வை மூடிவிட்டு, உள்ளே எவ்வளவு காற்று என்று காட்டும் அளவுமானியின் முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்திருக்க வேண்டும். முள் அசையாவிட்டால் ஓட்டை இல்லை. ஏறினால் எங்கோ காற்று கசிகிறது. சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் சங்கதி. ஆனால் அவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. பம்பு ஓடும்போதே முள் இறங்கி நின்றுவிட்டால் போதும், வேலையை ஆரம்பித்துவிடலாம். முள் முரண்டு பிடித்தால் வளையத்தில் இன்னொரு விரல் கிரீஸ் தடவினால் வழிக்கு வந்துவிடும். பம்பு வலுவானது. சின்ன ஓட்டையில் வரும் காற்றையும் சேர்த்து இழுத்துத் தள்ளிவிட்டு, முள்ளை ஒழுங்காகவே காட்டும். ஆனால் ஆர்கானை நிரப்பும்போது பம்பை மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தக் கீறல் வழியே எவ்வளவு காற்று நுழைந்ததென்று பார்க்க ஆளில்லை.

சுத்தமான குரோமியமாம். காற்றின் வாடையே இல்லையாம். அச்சில் அப்படித்தான் இருக்கிறது, அவள் பெயரோடு.

"கண்ணு, இதை அம்மாக்கு ஒரு நாளைக்குக் குடு," என்று மகளிடம் கேட்டாள்.

"திருப்பித் தருவியா?"

"தரேன்."

"போன தடவை ஸ்கேலுக்கும் இப்படித்தான் சொன்ன," என்று குழந்தை வளையத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். பேரம் படிந்து கைக்கு வர வெகு நேரமாயிற்று.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் புது வளையத்தோடே வால்வை மூடிப் பார்த்தாள். முள் சிலை மாதிரி நின்றது. பிறகு அதைக் கழற்றிவிட்டுப் பழையதைத் துடைத்துப் போட்டு, வழக்கம் போலக் கிரீஸ் தடவி, காற்றை உறிஞ்சினாள். பம்பு ஓடும்வரை முள் யோக்கியனாக நின்றது. வால்வை மூடினாள். முள் மெதுவாக, யாரும் பார்க்கவில்லையே என்பது போல, மேலே ஏற ஆரம்பித்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இல்லை, பாழும் மனசு கேட்கவில்லை. அந்த ஓட்டை வளையத்தோடே புகையும் போட்டாள். புகையைப் பிடித்த செப்பு வலைத்துண்டைப் படக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"அட, வந்துட்டாங்கம்மா உன் சொந்தக்காரங்க," என்றார் படக்காரர். "குடும்பத்தோட வந்திருக்காங்க."

திரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இருபத்து நாலு முகமும் துல்லியமாக, ஒன்றுக்கொன்று சாய்ந்து, பார்க்கப் பார்க்க அழகாக. ஒரு விநாடி அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, அதை மறைப்பானேன். இதற்காக எத்தனை நாள் சோறு தண்ணி மறந்திருக்கிறாள். அடுத்த விநாடியே அது வடிந்துவிட்டது. அந்த அழகெல்லாம் கசிந்த காற்றின் உபயம்.

மேடத்தின் அறைக்கு ஓடினாள். வளையத்தைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு, மேடம். ஆனா..."

"அப்பாடா." மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்குத்தான் தூங்குவேன்."

"ஆனா, பழைய வளையத்தைப் போட்டாத்தான் வருது. அதுல..."

மேடத்தின் பார்வை வளையத்தின் மேல் விழுந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அவர் என்ன, விவரம் தெரியாதவரா?

"எது வசதியோ அதைப் போட்டு வேலையைப் பாரு," என்றார், குரலைத் தணித்து. "ஆனா ஆவன்னாவெல்லாம் அவர் போனதுக்கப்புறம் பேசிக்கலாம். இப்ப நீ எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல."

அன்று மாலை வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். வழக்கமாக எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன், அன்றைக்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொன்னா என்ன ஆகும்?"

"வேலை போகும். வீடு போகும். மேடம் தலை குனியணும்."

"சொல்லலன்னா?"

"ஒண்ணும் ஆகாது. ஒரு துளி தூசிக்கு எத்தனை முகம்ங்கறதுல யாருக்கு என்ன நஷ்டம்? யாருக்கும் இல்ல." சொல்லும்போதே அது தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற பேச்சு என்று அவளுக்குத் தெரிந்தது. இருந்தாலும் சொன்னாள். "நாளைக்கு ஒரு நாள் போயிட்டா அப்புறம் புது வளையம் போட்டு, எல்லாத்தையும் ஒழுங்காப் பண்ணி, மெதுவாத் திருத்தி எழுதிக்கலாம்."

அவன் கை கழுவ எழுந்து போனான்.

விருந்தாளி வந்தார். பெரிய அலட்டல் ஆசாமியாக இருப்பாரென்று நினைத்திருந்தாள். ஒல்லியான மனிதர், மெதுவான பேச்சு. ஜாடியின் முன்னால் குழந்தை மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மேடம் நாற்காலி போடச் சொல்லியும் கேட்கவில்லை. புகைக்காரி கூடையில் குரோமியத்தைப் போட்டு, ஜாடியைக் கவிழ்த்துப் பம்பை ஓடவிட்டாள். அடியில் இருந்தது பழைய வளையம்.

"லீக் பாத்துட்டீங்கல்ல?" என்று கேட்டார் அவர், சாதாரணமாக.

"பாத்தாச்சு சார்," என்றாள். பொய்யில்லை. நேற்று பார்த்தாள்தான். என்ன தெரிந்ததென்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கம்பி சிவந்தது, வெளுத்தது. புகை எழுந்தது. விருந்தாளி மூச்சுவிடாமல் பார்த்தார். பிறகு எல்லாருமாகப் படக்காரரின் அறைக்குப் போனார்கள். படக்காரர் குமிழைத் திருகத் திருக, திரையில் அவை ஒவ்வொன்றாக வந்து நின்றன. விருந்தாளி வாய்விட்டு எண்ணினார். முகங்களை எண்ணி முடித்து, அணு அடுக்கைக் காட்டும் புள்ளிப் படத்தையும் எடுக்கச் சொல்லிப் பார்த்து, நாற்காலியில் சாய்ந்தார்.

"இதுதான். சந்தேகமே இல்ல," என்றார். "பிரமாதம்மா. நான் தோத்துட்டேன்னு சொல்றதுல எனக்கு வெக்கமே இல்ல."

மேடத்தின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் புகைக்காரி அவரை அப்படிப் பார்த்ததில்லை. எல்லாரும் ஜாடி இருக்கும் கூடத்துக்குத் திரும்பினார்கள். தேநீர் வந்தது. விருந்தாளி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டு போனார்.

"எங்ககிட்ட ஒரு பொண்ணு இருந்தா. உங்க கட்டுரையைப் படிச்சுட்டு இதைத்தான் பண்ணுவேன்னு ஒத்தக் கால்ல நின்னா. வருஷக்கணக்கா மல்லுக்கட்டினா, பாவம், ஒண்ணு கூட வரல. எப்பப் பாத்தாலும் பன்னண்டு முகம். உன் ஜாடியில எங்கேயோ லீக் இருக்கு, கையில சுத்தம் போதாது, நீ இந்த வேலைக்கு லாயக்கில்லன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் கடுமையாவே சொல்லிட்டேன். ஆராய்ச்சியே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா. இப்ப எங்க நூலகத்துல புத்தகம் அடுக்கிட்டிருக்கா." தேநீரை ஒரு வாய் குடித்தார். "இன்னைக்கு இதைப் பாத்ததுக்கப்புறம் மனசு சமாதானமாச்சு. தப்பு அந்தப் பொண்ணு மேலதான்னு தெரிஞ்சுபோச்சு."

யாருக்கும் நஷ்டமில்லை என்று புகைக்காரி நேற்று சொன்னாளே. அந்த 'யாருக்கும்' என்பதற்கு இப்போது ஒரு முகம் வந்துவிட்டது. முகம்கூடத் தெரியாது, எங்கோ ஓர் அலமாரி முன்னால் புத்தகம் அடுக்கிக்கொண்டு நிற்கும் முதுகு மட்டும்தான்.

கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, சார்."

மேடம் அவளையே பார்த்தார். வேண்டாம் என்று அந்தக் கண் கெஞ்சியது. மேடம் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை.

அவள் ஜாடிக்குள் காற்றை விட்டு, அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள். தட்டின் மேலிருந்த வளையத்தை எடுத்துக் கிரீஸைத் துடைத்தாள். மகள் பிடித்த மாதிரியே இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வாய் திறந்தது.

"லீக் பாத்தேன்னு சொன்னேன். பாத்தேன். முள் ஏறுச்சு. அதை நான் சொல்லல. இந்த ஓட்டை இருந்தாத்தான் இருபத்து நாலு முகம் வருது. நல்ல வளையம் போட்டா பன்னண்டுதான். கட்டுரைக்குப் பண்ணினது எல்லாமே இந்த வளையத்துல பண்ணினது. சுத்தமான குரோமியம்னு எழுதினது தப்பு. மேடத்துக்கு ஒண்ணும் தெரியாது, வளையம் போட்டது நான்."

"தெரியும்," என்றார் மேடம், ஜன்னலைப் பார்த்தபடியே. "நேத்து வந்து சொன்னா. நான்தான் வாயை மூடச் சொன்னேன்."

விருந்தாளி வளையத்தை வாங்கி, கீறலை வெளிச்சத்தில் பிடித்து, இழுத்தும் விட்டும் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கோபப்படுவார், கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். வேலை போயிற்று என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டில் எதையெதை மூட்டை கட்டுவது என்றுகூட மனசு ஒரு பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது.

அவர் கத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஓர் எண்ணைத் தேடி அழுத்தி, அவளிடம் நீட்டினார்.

"நான் சொன்னா நம்ப மாட்டா," என்றார். "நீங்களே சொல்லிடுங்க."

மணி நெடுநேரம் அடித்தது. பிறகு, "சொல்லுங்க சார்," என்று ஒரு பெண்குரல் கேட்டது. குரலில் உயிரே இல்லை.

"சார் இல்லம்மா. அந்த இருபத்து நாலு முகத்தைப் பத்தி எழுதினேனே, அது நான்தான் பேசறேன்." போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள். "என் ஜாடியில ஓட்டை இருந்துச்சு. காத்து உள்ள போயிருக்கு. அதனாலதான் எனக்கு வந்துச்சு. உன் ஜாடியில ஓட்டை இல்ல, அதான் உனக்கு வரல. உன் கையில ஒரு குத்தமும் இல்ல."

மறுமுனையில் புத்தகம் எதையோ மேசை மேல் வைப்பது கேட்டது.

"நான் ஒவ்வொரு தடவையும் வால்வை மூடிப் பாத்தேன்," என்றாள் அந்தப் பெண். "முள் அசையவே இல்ல. சார்கிட்ட சொன்னேன், அவர் நம்பல." அப்புறம் கேட்டாள், கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டுமென்ற ஒரே ஆசையில். "எழுதறதுக்கு முன்னாடி நீங்க மூடிப் பாக்கவே இல்லையாக்கா?"

"இல்லம்மா," என்றாள் புகைக்காரி. "பாக்கல."